ஆளுக்கொரு தொண்டு: ஊவா மலைநாட்டில் நடந்த ஒரு முயற்சி

கோயில் ஒன்று எழுந்தால் அதனைச் சூழக் கூட்டம் ஒன்று எழுவதும் இயல்பு. அக்கூட்டத்திலே நூறு பேர் உளராயின், அவருள் உழைப்பவர் எத்தனை பேர்? பத்துப் பேர் ஓடியாடி வியர்வை சிந்துவர். இருபது பேர் அப்பத்துப் பேரையும் குறை கூறுவர். எஞ்சிய எழுபது பேரும் கைகட்டி நின்று, கும்பிட்டு, பிரசாதம் பெற்று வீடு திரும்புவர். இது சைவ ஆலயங்களுக்கு மட்டும் உரிய நோயன்று. கிறிஸ்தவ தேவாலயத்திலும், விகாரையிலும், பள்ளிவாசலிலும், சனசமூக நிலையத்திலும் கணக்கு ஏறக்குறைய இதுவேயாம். நாற்பது மாணவர் கொண்ட வகுப்பொன்றை நடத்தும் நமக்கும் இது புதிதன்று. கலைவிழா என்றதும் எழுந்து வருபவர் எக்காலமும் அதே ஐந்து பேர்தாம்.

அந்த எழுபது பேரையும் எழுப்புவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் பதுளையிலே ஒருவர் தம் வாழ்நாளின் இறுதிப் பத்தாண்டுகளை இக்கேள்விக்கென்றே செலவிட்டார். அவர் சைவரல்லர், தமிழருமல்லர். லியோ நாணயக்கார என்னும் பெயருடைய கத்தோலிக்க மேற்றிராணியார் அவர். இக்காலத்தார் ஆயர் என்பர். வேற்றுச் சமயத்தவராகிய நாம் அவருடைய முயற்சியைப் பற்றி எழுதுவது ஏன் என்று நேயர்கள் வினவலாம். தோட்டத்து மாரியம்மன் கோயில் முற்றத்திலே நின்று பார்க்கும்போதுதான் அம்முயற்சியின் அருமை நமக்கு நன்கு விளங்குகின்றது. ஆகவே எழுதுகின்றோம்.

பெனடிக்ற் சபைத் துறவியாகிய லியோ ஆண்டகை 1959ஆம் ஆண்டு முதல் கண்டி மறைமாவட்டத்தின் தலைவராய் விளங்கினார். கண்டியோ பழைய தலைநகர். பெரிய தேவாலயமும், பெயர் பெற்ற கல்லூரிகளும், வசதியான சபையாரும் உள்ள இடம். 1972 டிசெம்பரில் கண்டியிலிருந்து ஊவா மாகாணம் பிரிக்கப்பட்டு, பதுளை, மொனறாகலை ஆகிய இரு மாவட்டங்களும் தனி மறைமாவட்டம் ஆயின. பழைய தலைவர் பெரிய பகுதியிலே தங்க, புதிதாய் ஒருவர் சிறிய பகுதிக்கு வருவதே உலக வழக்கம். இவரோ பெரியதை விட்டுச் சிறியதைத் தாமே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே கத்தோலிக்கர் மிகச் சிறு தொகையினர். சிங்கள உழவருள் ஏறக்குறைய அனைவரும் பௌத்தர், தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் சைவர். கல்வியிற் பின்தங்கியும் வறுமையில் முன்னணியிலும் நின்ற மாகாணம் அது.

அவர் அவ்வாறு செய்ததற்குப் பின்புலம் ஒன்றுண்டு. 1962 முதல் 1965 வரை உரோமாபுரியிலே இரண்டாவது வத்திக்கான் சங்கம் கூடியது. உலகின் மேற்றிராணிமார் யாவரும் ஒருங்கிருந்து திருச்சபை என்றால் என்ன என்று புதிதாய் எண்ணிப் பார்த்த பேரவை அது. அதுவரையிலே சாதாரணக் கத்தோலிக்கருடைய எண்ணம் எளிது: குருவானவர் செய்வார், சபையார் முழந்தாளிட்டுக் கேட்பர். சங்கமோ, திருச்சபை என்பது இறைமக்கள் அனைவரும் சேர்ந்ததே என்றும், ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் அதன் பணியிற் பங்குண்டு என்றும் உரைத்தது. பொதுநிலையினர் ஆற்ற வேண்டிய பணியைப் பற்றித் தனி ஏடொன்றை 1965 நவம்பரில் வெளியிட்டது. ஏடு வெளியிடுவது எளிது. அதனை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு ஒரு நிலம் வேண்டும். லியோ ஆண்டகை ஊவாவை அந்நிலமாகக் கொண்டார் என்று சொல்லலாம்.

பண்டாரவளையிலே 1970களின் நடுப்பகுதியில் அவர் 'சேவக செவண' என்னும் நிலையம் ஒன்றை நிறுவினார். சிங்களத்தில் 'செவண' என்றால் நிழல், புகலிடம். சேவகர் நிழல் என்று நாம் தமிழாக்கிக் கொள்ளலாம். குருமாராக விரும்பும் இளைஞர்க்குரிய பயிற்சி நிலையம் அது. ஆயினும் உயர்ந்த மதிலுக்குள்ளே இலத்தீன் நூல்களோடு ஏழாண்டு அடைபட்டிருக்கும் பழைய குருமடம் போன்றதன்று. மாணவர் உழவர் நடுவிலும் தோட்டத் தொழிலாளர் நடுவிலும் சென்று தங்கி, அவருடைய வாழ்க்கையையே பாடமாகக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. வருங்காலத்திலே தாம் யாருக்குத் தொண்டு செய்யப் போகின்றனரோ, அவரையே ஆசிரியராக ஏற்பது எத்துணை நேர்மையான முறை! நம் ஆசிரிய கலாசாலைகளும் இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

குருத்துவம் ஒன்றே பணி என்று அவர் கருதவில்லை. நோயாளரைச் சென்று காண்பதும், பிணக்குத் தீர்ப்பதும், வேதம் வாசித்துக் காட்டுவதும், அநீதி கண்டவிடத்து அயலாரைக் கூட்டிப் பேசுவதும் சபைக்குரிய பணிகளே. அவை ஒருவருடைய தோளிலே ஏற்றப்படாமல், அவரவர் இயல்புக்கேற்ப அனைவர்க்கும் பகிரப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆசியாவின் பிற நாடுகளிலும் இவ்வெண்ணம் அப்போது பரவி வந்தது. திருச்சபையிற் பணிகள் என்பதனையே பொருளாகக் கொண்டு 1977இல் ஹொங்கொங்கில் ஆசியக் கருத்தரங்கு ஒன்று கூடிற்று. பேச்சு எங்கும் இருந்தது. ஆனால், தமக்குக் கிடைத்த வசதியான பீடத்தைத் துறந்து, பேசியதைச் செய்து பார்க்க வந்தவர் எத்தனை பேர்?

துரைமார் பணமும் உபதேசியாரும்

பொறுப்பைப் பகிர்ந்து கொடுத்தல் என்பது தோட்டத்திலே எளிதன்று என்பதற்கு வரலாறே சான்று. 1850களின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டத் தமிழருக்கென அங்கிலிக்கன் திருச்சபை தனி மிஷன் ஒன்றைத் தொடங்கிற்று. அதற்குப் பணம் தந்தோர் தோட்டத் துரைமார் சிலர். போதிப்பதற்கு உபதேசிமார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கடல் கடந்து வந்தனர். பணம் ஓரிடத்திலிருந்தும் போதனை மற்றோரிடத்திலிருந்தும் வந்தால், நடுவிலிருக்கும் தொழிலாளிக்கு என்ன வேலை? வந்து அமர்வதும் கேட்பதுமே வேலை. அவ்வுபதேசிமாருடைய உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கொட்டும் மழையிலும் அட்டைக்கடியிலும் மலைக்கு மலை நடந்து, லயத்துப் பிள்ளைகளுக்கு முதன்முதல் எழுத்தறிவித்தவருள் அவரும் உளர். ஆயினும் மேலிருந்து வருவது, கீழிருப்போர் பெறுவது என்னும் முறை அன்றே வேரூன்றிவிட்டது.

தோட்டத்திலே எல்லாம் மேலிருந்தே வந்தன. விடியுமுன் பெரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுப்பவர் கணக்கப்பிள்ளை. மலையில் நிரை பிரித்துக் கொடுப்பவர் கங்காணி. வீடு துரையுடையது, மருந்து துரையுடையது, பிள்ளைக்காம்பராவும் துரையுடையது. துரைமார் போய், 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. பலகையிலே பெயர் மாறியதேயன்றிப் பெரட்டு மாறவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாகப் பிறர் ஏவலைக் கேட்டே பழகிய ஒருவரிடம் சென்று, "ஐயா, நீங்களாக ஒரு நற்பணியைத் தொடங்குங்கள்" என்றால், அவர் திகைக்காமல் என் செய்வார்?

நம் கோயில்களின் நிலை இதனினும் வேறுபட்டதன்று. பல தோட்டங்களிலே கோயிற் சந்தா மாதச் சம்பளத்திலிருந்தே வெட்டப்படுகின்றது. வசதியான ஏற்பாடுதான். வீடு வீடாகச் சென்று தண்ட வேண்டியதில்லை, ஏமாற்றுவாருக்கும் இடமில்லை. ஆனால், கைக்கு வாராத பணத்தைக் கொடுத்தவருக்குக் கொடுத்த உணர்ச்சியே இராது. கோயில் தம்முடையது என்னும் எண்ணம், சம்பளத் துண்டிலே உள்ள ஓர் இலக்கமாகச் சுருங்கிவிடுகின்றது. பிறகு கமிட்டியிலே கணக்குக் கேட்டுச் சண்டையிடும்போது மாத்திரமே அவ்வுரிமை நினைவுக்கு வருகின்றது!

இவ்விடத்தில் மெதடிஸ்த சபையின் பழைய கதையொன்று நினைவுக்கு வருகின்றது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலே 1742இல் அச்சபையின் மண்டபத்துக்கு வாங்கிய கடனைத் தீர்க்க வழி தேடினர். உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார் ஒருவர். ஏழைகள் கொடுக்க இயலாதே என்று மறுப்பு எழுந்தது. அப்படியாயின் பன்னிருவரை ஒரு குழுவாக்கி, ஒருவர் பொறுப்பேற்று வாரந்தோறும் வீடு வீடாகச் செல்லட்டும், கொடுக்க மாட்டாதவருக்குரியதைப் பொறுப்பாளரே இட்டு நிரப்பட்டும் என்று முடிவாயிற்று. கடன் தீர்க்கும் உபாயமாகவே இது தொடங்கிற்று. ஆனால், வீடு வீடாகச் சென்றவர் பென்னியை மட்டுமா கண்டனர்? நோயாற் படுத்திருந்தவரைக் கண்டனர், குடியாற் சீரழிந்த குடும்பத்தைக் கண்டனர், பேச்சுவார்த்தையின்றி இருந்த உடன்பிறந்தாரைக் கண்டனர். சபைத் தலைவராகிய ஜோன் வெஸ்லி அவர்கள் உடனே இதன் பெறுமதியை உணர்ந்து, பன்னிருவர் கொண்ட குழுவையே தம் சபையின் அடிப்படை அமைப்பாக்கினார். தச்சரும் நெசவாளரும் நிலக்கரிச் சுரங்கத்தாரும் குழுத் தலைவராயினர். பணம் தண்டப் போனவர் மனிதரைக் கண்டார் என்பதே இதன் இரகசியம். சம்பளத்தில் வெட்டும் முறையிலே பணம் வரும், ஆனால் மனிதர் தென்படார்.

லயம் என்றால் என்ன? பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாய் நிற்பதே லயம். வெஸ்லி முயன்று அமைத்த குழுவைத் தோட்டத்தைக் கட்டிய துரைமார் தம்மையறியாமலே நமக்கு அமைத்துத் தந்துவிட்டனர்! ஒரு சுவருக்கு அப்பால் இருமுவது யார், இரவு அடுப்பு மூட்டாதது யார் என்பது அங்கே அனைவர்க்கும் தெரியும். லயம் மனித வாசத்துக்கு ஏற்ற வீடன்று. அது ஒழிய வேண்டும், தனி வீடுகள் எழ வேண்டும் என்பதில் நமக்கு இருகருத்தில்லை. ஆனால், அதற்குள்ளே வளர்ந்த அயலுறவு கூரையோடு சேர்ந்து ஒழிந்துவிடலாகாது.

கப்பலேறியவர் விட்டுச் சென்ற இடம்

பொறுப்பை ஒருவரிடமே குவித்து வைப்பதன் தீங்கை மலையகம் கண்ணீரோடு கற்றிருக்கின்றது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன் பின்பு பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் தலைமன்னார் வழியாக இராமேசுவரத்துக்குக் கப்பலேறின. பதுளைப் புகையிரத நிலையத்திலிருந்து புறப்பட்ட பயணங்கள் எத்தனை! அண்ணன் இங்கும் தம்பி அங்குமாய்ப் பிரிந்த வீடுகளின் துயரம் ஒருபுறமிருக்க, கோயிலும் சபையும் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். மார்கழிப் பஜனையில் மிருதங்கம் தட்டியவர் போய்விட்டார். கூத்துக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த பெரியவர் போய்விட்டார். அந்தோனியார் கோயிலிலே ஜெபமாலை சொல்லி நடத்தியவரும் போய்விட்டார். ஒருவரே சுமந்த பணி அவரோடு கப்பலேறியது. பலர் பகிர்ந்து செய்த பணியோ, இருவர் போனாலும் மூன்றாமவர் கையிலே எஞ்சியது. லியோ ஆண்டகை ஊவாவுக்கு வந்து சேர்ந்த காலம் இக்காலமே. 1974ஆம் ஆண்டை அண்டிய பஞ்சத்தில் தோட்டத்து மக்கள் பசியால் மடிந்த காலமும் அதுவே. அனைவரும் தொண்டராக வேண்டும் என்னும் அவருடைய கொள்கை, ஊவாவின் இந்நிலையிலே நின்று பார்ப்பவருக்கு வெறும் வேதாந்தமாய்த் தோன்றாது.

சிங்களக் கிராமங்களிலும் இவ்வுணர்ச்சிக்கு வேர் இருந்தது. பௌத்த விகாரைக்குத் தானம் கொண்டு செல்வதற்குக் குடும்பங்கள் முறை வைத்துக்கொள்ளும் வழக்கம் பழமையானது. இன்று ஒரு வீடு, நாளை அடுத்த வீடு. ஏழையென்று ஒரு வீட்டை விலக்குவதில்லை. அக்கிராமிய மனப்பான்மையை வளர்த்தெடுத்தவர் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஆரியரத்தின அவர்கள். 1958 டிசெம்பரில் அவர் தம் மாணவரை அழைத்துக்கொண்டு, சாதியால் ஒதுக்கப்பட்ட கனத்தொலுவ என்னும் சிற்றூரிலே தங்கி, ஊராரோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தார். சிரமதானம் என்னும் சொல் நாடெங்கும் பரவியது அதன் பின்பே. மாணவர் இதனைக் கவனிக்க வேண்டும். அவ்விளைஞர் ஊராருக்காகக் கிணறு வெட்டிக் கொடுத்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு திரும்பியவரல்லர். ஊராரோடு உண்டு உறங்கி வெட்டினர். 'ஆக' என்பதற்கும் 'ஓடு' என்பதற்கும் உள்ள வேற்றுமை இலக்கணப் பாடத்தில் மட்டும் உள்ளதன்று.

இனிச் 'சேவக செவண'யின் கிளையென்று சொல்லத்தக்க மற்றொரு முயற்சியைச் சொல்ல வேண்டும். பண்டாரவளையில் லியோ ஆண்டகையோடு உழைத்தவருள் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மைக்கல் றொட்றிகோ அடிகளார் ஒருவர். உரோமையிலும் பாரிசிலும் உயர்கல்வி கற்றவர். 1980இல் அவர் மொனறாகலை மாவட்டத்துப் புத்தலைக்கு அண்மையிலுள்ள அலுகலவிட்ட என்னும் ஊரிலே குடிசை ஒன்றில் வந்து அமர்ந்தார். கன்னியாஸ்திரீகள் இருவரும் உடனுழைத்தனர். இல்லத்துக்குச் 'சுபசெத் கெதர', அதாவது நல்வாழ்த்து இல்லம், என்று பெயர். சுற்றுவட்டாரம் முழுவதும் பௌத்த உழவர். மதம் மாற்ற வந்தவர் என்னும் ஐயம் எழுவது இயல்பே. அடிகளார் யாரையும் மதம் மாற்றவில்லை. ஊராரின் பேச்சைக் கேட்டார், அவரிடமே சிங்கள வாழ்க்கையைக் கற்றார், பிக்குமாரோடு உறவு கொண்டார், மூலிகை வைத்தியத்துக்கும் சிறுவர் கல்விக்கும் துணை நின்றார். கரும்புச் செய்கைக்கென உழவர் தம் நிலத்தை இழக்கும் நிலை வந்தபோது அவர் பக்கம் பேசினார். 1987 நவம்பர் 10ஆந் தேதி மாலை, பூசை முடிவுறும் வேளையிலே, அக்குடிசைக்குள்ளேயே துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். நாடே இரத்த வெள்ளத்தில் மிதந்த ஆண்டு அது.

லியோ ஆண்டகை அதனைக் காணவில்லை. அவர் 1982இலேயே காலமானார்.

சைவருக்கு இதிலென்ன என்று கேட்போருக்குச் சேக்கிழார் விடையளிப்பார். பெரியபுராணத்து அடியார்களைச் சற்றே நோக்குங்கள். திருநீலகண்டர் குயவர். அடியாருக்கு ஓடு வனைந்து கொடுப்பதே அவர் தொண்டு. திருக்குறிப்புத்தொண்டர் வண்ணார். அடியாரின் ஆடையை வெளுத்துக் கொடுத்தார். அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். இளையான்குடிமாறர் விதைத்த நெல்லையே வாரி வந்து விருந்தோம்பினார். நாவுக்கரசரோ உழவாரம் ஏந்திப் புல் செதுக்கினார். இவருள் எவரும் தம் தொழிலை விட்டுவிட்டுத் தொண்டுக்கு வரவில்லை. தாம் அறிந்த தொழிலையே தொண்டாக்கினர். எல்லாரிலும் நம் நெஞ்சைத் தொடுபவர் தண்டியடிகள். பிறவியிலேயே கண்ணில்லாதவர். திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து கிடப்பதை அறிந்து, கரையிலே ஒரு தறியும் குளத்தினுள்ளே ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே சென்று மண் சுமந்தார். கண்ணில்லாதவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று எந்தக் கமிட்டியும் அவருக்காகக் கூடவில்லை. அவர் தமக்குக் கயிறு கட்டிக்கொண்டார். அவ்வாறு கட்டிக்கொள்ள இயலாதவருக்குக் கயிறு கட்டிக் கொடுப்பதே ஒரு சபையின் கடன் என்று நாம் கருதுகின்றோம்.

இதற்கு இன்றும் உயிருள்ள உதாரணம் தோட்டத்துக் காமன் கூத்து. மாசி அமாவாசையை அடுத்துக் கம்பம் ஊன்றிவிட்டால் தோட்டமே வேறாகிவிடும். ரதி, மன்மதன், தூதன், வீரபத்திரன், எமன் என்று வேடம் பூணுவோர் சிலர். பாட்டெடுத்துக் கொடுப்பவர் மாஸ்டர். இவரை மட்டும் கணக்கிட்டால் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் தேறார். ஆயின் வேடம் புனைய ஒருவர், விளக்குப் பிடிக்க ஒருவர், குளிரில் தோல் தளர்ந்த தப்பை நெருப்பிலே காய்ச்சிக் கொடுக்க ஒரு சிறுவன், விடிய விடியத் தேநீர் ஊற்ற இரு வீட்டார், ரதிக்குச் சேலை இரவல் கொடுக்க ஓர் அக்காள், அடி பிசகினால் திருத்த வயது முதிர்ந்த பாட்டனார் என்று எண்ணிக்கொண்டே போனால், வேலையில்லாத வீடு ஒன்றுகூட இராது. எவரும் அவர்களுக்குத் தொண்டைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. வேலை இருந்தது. அதனைச் செய்யும் ஆளும் இருந்தார். பெயர் சொல்லி அழைத்தனர், வந்தார். "வாருங்கள், யாராவது உதவுங்கள்" என்ற பொது அழைப்புக்கு யாரும் வருவதில்லை. "சின்னையா, இந்த லாந்தரைப் பிடி" என்றால் வராதவருமில்லை.

இதிலே ஒரு மாசும் உண்டு. தப்படிப்பதும், மரணம் நேர்ந்தால் குழி வெட்டுவதும் இன்ன குடும்பத்தார் வேலை என்று பிறப்பை வைத்து ஒதுக்கும் வழக்கம் பல இடங்களில் நெடுநாள் நிலவியது. சில இடங்களில் இன்னும் முற்றாய் ஒழியவில்லை. ஆளுக்கொரு பணி என்பதன் பொருள் இதுவன்று. விரும்பி ஏற்பது தொண்டு, பிறப்பாற் சுமத்துவது ஊழியம். சில தோட்டங்களிலே மரண உதவிச் சங்கத்து இளைஞர் சாதி பாராது முறை வைத்துக் குழி வெட்டுகின்றனர். எத்தனையோ பிரசங்கங்களால் ஆகாதது அந்த மண்வெட்டியால் ஆகின்றது.

பேரிடர் வந்தால் மட்டும் நாம் விழிப்பதும் ஒரு குறை. 2014 அக்டோபர் 29ஆந் தேதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பித் திரும்பி வந்து, வீடிருந்த இடத்திலே சேற்றைக் கண்டனர். அன்று நாடே திரண்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி உணவும் உடையும் லொறி லொறியாய் வந்து குவிந்தன. ஆயினும் புது வீடுகள் கைக்கு வர ஏறக்குறைய ஈராண்டு சென்றது. அவ்வீராண்டிலும் தாய் தந்தையரை இழந்த பிள்ளைக்குப் பரீட்சைப் பாடம் சொல்லிக் கொடுப்பதும், மழை இருண்டாலே நடுங்கும் கிழவியின் பக்கத்தில் அமர்வதும் எந்த லொறியிலே வரும்? அது அயலார் செய்யத்தக்க வேலை. ஆபத்தான சரிவு இது, விரிசல் கண்டிருக்கின்றது என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லி, ஊரை எழுப்புவதும் அயலார் செய்யத்தக்கதே. மீரியபெத்தையைப் பற்றி அதிகாரிகள் முன்னரே எச்சரித்திருந்தனர். போவதற்கு இடமின்றி மக்கள் அங்கேயே இருந்தனர். வேற்றிடம் கேட்டு ஒருமுகமாய் நின்று குரலெழுப்புவதும் தொண்டின் பாற்பட்டதே என்பதை லியோ ஆண்டகையும் மைக்கல் அடிகளாரும் ஒப்புவர்.

மாணவ நேயர்களுக்கு ஒரு வார்த்தை. க.பொ.த. சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டிலிருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. அவரிடம் கோயில் என்ன கேட்கின்றது? தேர் வடம் பிடிக்கவும், தோரணம் கட்டவும் கேட்கின்றது. நன்று. ஆனால் அதே லயத்திலே எழுத்துக் கூட்டத் தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளையும், வங்கிப் படிவம் நிரப்ப அயலாரைத் தேடும் முதியவரும் இருக்கின்றனர். மாலையில் ஒரு மணி நேரம், கோயில் மண்டபத்திலே ஒரு விளக்கு, ஒரு பாய். செலவு இவ்வளவே.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. தோட்டத்து வருமானத்தைத் தலைச்சுமையாய்ச் சுமப்பவள் கொழுந்தெடுக்கும் பெண். வைகறையில் எழுந்து, பீலிக்கரையில் நீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலையேறி, மாலை திரும்பி மீண்டும் அடுப்படி. கோயிலிலே கோலமிடுபவளும், பொங்கலுக்குப் பானை வைப்பவளும், பாற்குடம் சுமப்பவளும் அவளே. அவளைப் போய் 'இன்னும் தொண்டு செய்' என்று ஏவுவது கொடுமை. அவளுக்கு வேண்டியது மேலும் ஒரு வேலையன்று. செய்கின்ற வேலைக்குரிய இடம் வேண்டும். எத்தனை கோயிற் கமிட்டிகளிலே பெண் ஒருத்தி கையெழுத்திடுகின்றாள்? சந்தா மட்டும் அவள் சம்பளத்திலும் வெட்டப்படுகின்றது.

அடுத்த மாசி அமாவாசைக்கு முன்பு ஒவ்வொரு தோட்டத்திலும் கூத்தைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் கூடும். தலைவர் வருவார், மாஸ்டர் வருவார், இளைஞர் வாசலில் நிற்பர். அக்கூட்டத்திலே லயத்துக்கு ஒருவராக ஆள் தெரிந்து, நோயாளியையும் முதியவரையும் வாரம் ஒருமுறை சென்று பார்க்கும் பொறுப்பையும் கூத்து வேலைகளோடு சேர்த்துப் பிரிக்கலாம். அன்றைக்குத் தலைவரம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லி, இதனை வாசிக்கும் இளைஞரைக் கேட்டுக்கொள்கின்றோம்.